இரண்டு கையெழுத்துக்கு ஓர் இடம்

“நான் கையெழுத்துப் போடுன்னு சொன்னேனா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா, சொல்லு—”

“சொன்னாத்தானா அண்ணி? காலையில மொத பஸ்ஸ புடிச்சு சுங்கை ஆயர் தாவார்லேருந்து வந்து, வந்ததும் வராததுமா அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தக் கையில எடுத்து வச்சுக்கிட்டு—”

“என் தம்பி வீட்டுக்கு நான் வரக் கூடாதா?”

“தாராளமா வாங்க. கடிதத்த மட்டும் கீழ வைங்க.”

“வச்சுட்டேன். போதுமா?”

“மடிச்சு வைங்க.”

விமலா கடிதத்தை மடித்துத் தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் வைத்தாள். தனேஸ்வரி போத்தலைத் தூக்கித் தண்ணீர் குடித்துவிட்டு வேறிடத்தில் வைத்தாள். கடிதம் காற்றாடிக் காற்றில் மறுபடி விரிந்துகொண்டது.

இவர்களுக்குள் உறவு இரண்டு பக்கத்திலும் இருந்தது. விமலாவின் தம்பி சுகுமாறனைத் தனேஸ்வரி கட்டியிருந்தாள். தனேஸ்வரியின் அண்ணன் கணேஸ்வரனை விமலா கட்டியிருந்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே பந்தலில் நடந்த இரண்டு கல்யாணம். சண்டை வந்தால் யார் பக்கம் பேசுவது என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் விளங்காது.

“எட்டு வருஷமா ஒரு மருந்து ஏத்துறாங்க. மனுசன் நல்லா இருக்காரு. இப்பப் போயி மாத்துறேன்னா ஏன் மாத்தணும்?”

“அதே மருந்துதான்னு டாக்டர் சொல்றாங்க, தனம்.”

“அதே மருந்துன்னா எதுக்கு அண்ணி கையெழுத்து?”

“அதான் எனக்கும் புரியல” என்றாள் விமலா உண்மையாக.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நோய். அம்மா வழியில் வந்தது. அதற்கு ஃபேப்ரி என்று ஒரு பெயர் இருப்பதே சுகுமாறனின் முப்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. உடம்பு தானாகச் செய்ய வேண்டிய ஒரு நொதியைச் செய்யாது. கரைய வேண்டிய கொழுப்பு கரையாமல் சிறுநீரகத்திலும் இதயத்திலும் போய் உட்காரும். அதுவரை அவன் அறிந்ததெல்லாம் வேர்வை வராத உடம்பும் எரிகிற உள்ளங்காலும்தான். வெயிலில் நின்று எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்ட முடியாதவனை, வேலை வாங்கும் மண்டோர் சோம்பேறி என்றார். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் அந்த நொதியை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். தோட்டத்து எடை மேடையில், குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து, குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கிறான்.

விமலாவுக்கு இன்னும் ஏற்றவில்லை. பெண்களுக்கு இது மெதுவாகத்தான் வரும் என்று பெயரை வரிசையில் போட்டு வைத்தார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன மாத ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருந்தது. இப்போது வரிசையில் அவள்தான் முதல் ஆள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் பணம் ஐந்து பேருக்குத்தான் காணும். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் விலை குறைந்த புது மருந்துக்கு மாறினால், ஆறாவதாக ஒருவருக்கு இடம் உண்டு. இதைக் கடிதத்தில் எழுதவில்லை. ஸ்கேனைக் காட்டப் போனபோது டாக்டர் ரிஸ்வானா வாயால் சொன்னது.

“உங்கள அண்ணன் பொண்டாட்டியா நெனச்சா, போடுங்கன்னு நானே அவரு கையப் புடிச்சுப் போட வைக்கணும்” என்றாள் தனேஸ்வரி. குரல் இறங்கிவிட்டது. “என் புருஷன்னு நெனச்சா, வேணாங்கணும். நான் என்னதான் அண்ணி செய்யிறது?”

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். எனக்குத் தண்ணி குடு.”

சுகுமாறன் பகல் சாப்பாட்டுக்கு வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். கடிதத்தையும் பார்த்தான்.

“முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?”

“உட்காருங்க. சோறு போடுறேன்.”

“அக்கா, நீ சொல்லு. புது மருந்து நல்லதா கெட்டதா?”

“எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“தனம்?”

“போன்ல தேடிப் பார்த்தேங்க. ஒருத்தன் ரெண்டும் ஒண்ணுங்கிறான். இன்னொருத்தன் ஒரே மாதிரி, ஆனா ஒண்ணு இல்லங்கிறான். கீழ ஒரு அம்மா வேப்பிலைச் சாறு குடிங்கன்னு எழுதியிருக்கு.”

சுகுமாறன் சோற்றைப் பிசைந்தான். பிறகு, பல வருடம் தோட்டத் தொழிற்சங்கக் கிளைக்குத் தலைவராக இருந்தவனின் குரலில் பேசினான்.

“தனியா எவனும் கையெழுத்துப் போடக் கூடாது.”

“என்னது?”

“தோட்டத்துல புது ஒப்பந்தம்னு ஒண்ணு கொண்டாந்தான்ல. ஆபீசுக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, போடு போடுன்னான். தனித்தனியாப் போட்டவன்லாம் என்ன ஆனான்? போட்டா எல்லாரும் போடணும். இல்ல, ஒருத்தரும் போடக் கூடாது. அஞ்சு பேரும் ஒரே வாயா நின்னா பழைய மருந்தே தருவான். அக்காவுக்கும் சேர்த்துக் கேப்போம்.”

“கேட்டாக் குடுத்துருவாங்களா தம்பி?”

“ஒத்துமையா கேட்டாக் குடுப்பான்கா. பணமா இல்ல அவன்கிட்ட?”

அவன் யாரை ‘அவன்’ என்கிறான் என்று விமலாவுக்குத் தெரியவில்லை. டாக்டர் ரிஸ்வானா பெண். கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த மருந்தகத் தலைவரும் பெண்.

சாப்பிட்ட கையோடு, மருந்து ஏற்றிக்கொள்ளும் ஐந்து பேருக்குமான வாட்ஸ்அப் குழுவில் அவன் பேசி அனுப்பினான். மலாயிலும் ஒருமுறை. சபாக் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருசப்பன், ஐந்து பேரிலும் மூத்தவர், உடனே கூப்பிட்டார்.

“தலைவரே, நான் நாளைக்கே போடலாம்னு இருந்தேன்.”

“போடாதீங்கண்ணே. என்ன மருந்துன்னு நமக்கே தெரியல. உள்ள ஏறுனதுக்கு அப்புறம் திருப்பி எடுக்க முடியுமா?”

“அதுவும் சரிதான். நீங்க சொன்னா சரி. நான் போடல.”

பேசி முடித்ததும் விமலா கேட்டாள்: “என் பேரு வரிசையில இருக்கிறத அவர்கிட்ட சொல்லலியே?”

“எப்படிக்கா சொல்றது? தலைவனா நின்னு பேசுறப்ப சொந்த வீட்டு விசயத்த உள்ள கொண்டாரக் கூடாது. கொண்டாந்தா அப்புறம் எவன் மதிப்பான்?”

மாலைக்குள் குழுவில் இருந்த புனிதன் சரி என்று எழுதிவிட்டான். மலாய் ஆசிரியர் ஒருவர் யோசிக்கிறேன் என்றார். கிள்ளானில் இருக்கும் சீன அம்மா கட்டைவிரல் படம் போட்டார். அவர் எதற்குச் சம்மதித்தார் என்பது அவருக்கே தெரியுமா என்று தனேஸ்வரி கேட்டாள். அவள் பயந்தது நடக்காது என்று நிம்மதியாக இருக்க வேண்டியவள். ஆனால் அன்று முழுக்க விமலாவின் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த வாரம் சுகுமாறனுக்குப் பழைய மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் ரிஸ்வானா கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடற்கரைப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டுத் தமிழும் ஆஸ்பத்திரி ஆங்கிலமும் கலந்து பேசுவார்.

“அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட போடலண்ணே. என்னன்னு கேட்டா, தலைவர்கிட்ட கேளுங்கங்கிறாங்க. யாரு தலைவர்?”

“நான்தான்.”

“எதுக்குத் தலைவர்?”

சுகுமாறன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மூன்று கோரிக்கை எழுதியிருந்தான்.

டாக்டர் படித்தார். சிரிக்கவில்லை. “இது தோட்டம் இல்லண்ணே. நான் மேனேஜரும் இல்ல. உங்க உடம்புக்கு நீங்க கையெழுத்துப் போடுறீங்க, புனிதன் உடம்புக்குப் புனிதன். சேர்ந்து போடறதும் சேர்ந்து போடாததும் இதுல இல்ல.”

“சரி. ஒண்ணு கேக்குறேன். ரெண்டும் ஒரே மருந்தா?”

“ஒரே வேலையச் செய்யும்.”

“நான் அதக் கேக்கல.”

“இருங்க. இப்படிச் சொல்றேன். ஒரே ஜாதிச் செம்பனைக் கன்ன இந்தத் தோட்டத்துலயும் நடுறோம், அந்தத் தோட்டத்துலயும் நடுறோம். ரெண்டு மரத்துலயும் வர்றது செம்பனை எண்ணெய்தானே?”

“மண்ணு வேற, டாக்டர். எண்ணெய் ஒரே அளவா எறங்காது. லோரி மேடையில ஏறும்போதே எந்தப் பிரிவுக் குலைன்னு நான் சொல்லிருவேன்.”

டாக்டர் ரிஸ்வானா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

“வித்தியாசம் இருக்கும்னு தெரிஞ்சுதான் அளந்திருக்காங்கண்ணே. மருந்து உயிருள்ள செல்லுல வளர்றது. இன்னொரு கம்பெனி வளர்த்தா அச்சா அதே வராது. ஆனா நோயாளிங்களுக்குக் குடுத்துப் பார்த்து, பலன்லயும் கெடுதல்லயும் பெரிய வித்தியாசம் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் அனுமதி.”

“பெரிய வித்தியாசம் இல்லன்னா, சின்ன வித்தியாசம் இருக்கு.”

“இப்ப உங்களுக்கு ஏறுற பழைய மருந்துலயே போன வருஷப் புட்டிக்கும் இந்த வருஷப் புட்டிக்கும் சின்ன வித்தியாசம் இருக்கும்.”

அவன் தலைக்கு மேல் தொங்கிய பையை நிமிர்ந்து பார்த்தான். எட்டு வருடமாக அதை ஒரே மருந்து என்று நம்பியிருந்தான். தெளிந்துகொள்ள வந்தவனுக்கு முன்பைவிடக் குழப்பமாக இருந்தது.

“மூணாவது கோரிக்கை, அக்காவுக்குப் பழைய மருந்தே…”

“அது நடக்காது. முப்பதாம் தேதிக்குள்ள ரெண்டு கையெழுத்து வந்தா அக்காவச் சேர்க்கலாம். வரலன்னா எங்களுக்கு ஒதுக்கின புது மருந்து வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரும்.”

“அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் மறுபடி வரலாம். அவங்க இதயம் இப்ப இருக்கிற மாதிரி அப்பவும் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

தாதி குழாயைக் கழற்றினாள். அவன் பேனா கேட்டான்.

*

“போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

“கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப தனம்?”

தனேஸ்வரி யோசித்தாள். யோசித்துக்கொண்டே அரிசி களைந்தாள். “தெரியலங்க” என்றாள்.

இன்னும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. சுகுமாறன் குழுவில் மறுபடி பேசி அனுப்பினான். முன்பு சொன்னது தவறு, இதில் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்யலாம், தான் போட்டாயிற்று, தன் அக்காவும் வரிசையில் இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது முதலில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்வது எப்படி இருக்கும் என்று அவனுக்கே உறைத்தது.

புனிதன் குழுவை விட்டு வெளியேறினான். ஆசிரியர் ஆறு மாதம் பார்த்துவிட்டு மாறுகிறேன் என்று மரியாதையாக எழுதினார். சீன அம்மா அதற்கும் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். தனேஸ்வரி கூப்பிட்டுக் கேட்டதற்கு, மகளைக் கேட்க வேண்டும், மகள் ஆஸ்திரேலியாவில் என்றார்.

இருசப்பன் இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டார்.

“தலைவரே, போடப் போனவனப் போடாதேன்னீங்க.”

“ஆமாண்ணே.”

“உள்ள ஏறுனா திருப்பி எடுக்க முடியாதுன்னீங்க. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இப்பப் போடுங்கிறீங்க. எது சரி?”

“அன்னைக்கு எனக்கு விளங்கலண்ணே.”

“இப்ப விளங்கிருச்சா?”

“பாதி.”

“உங்க அக்கா பேர அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்லா. அன்னைக்கே போய்ப் போட்டிருப்பேன். இப்ப, அக்காவுக்காக என்னையத் தள்ளி விடுறீங்களோன்னு எங்க வீட்டுக்காரி கேக்குறா. நான் அப்படி நெனைக்கல. அவ நெனைக்கிறா.”

சுகுமாறனுக்கு அவர் எப்படி நினைக்கிறார் என்று புரிந்தது.

“ஒண்ணு செய்வோம்” என்றார் இருசப்பன். “இருபத்தொம்பதாம் தேதி உங்களுக்குப் புது மருந்து ஏத்துறாங்க. முப்பதாம் தேதி எனக்கு முறை. ஏறுன கையோட எனக்குச் சொல்லுங்க. ஒண்ணும் செய்யலன்னு நீங்க சொன்னா, மறுநாள் நான் போட்டுறேன். டாக்டர் பேச்சு எனக்கு விளங்காது. உங்க பேச்சு விளங்கும்.”

*

இருபத்தொன்பதாம் தேதி விமலாவின் கணவன் கணேஸ்வரன் தான் ஓட்டும் செம்பனை லோரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். நான்கு பேரும் போனார்கள்.

பழைய மருந்து ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும். இதற்கு நான்கு மணி நேரம் ஆகும் என்றாள் தாதி.

“ஏன், தண்ணி நெறையக் கலந்திருக்கா?” என்று தனேஸ்வரி கேட்டாள்.

“இல்லக்கா. புதுசா தொடங்குறப்ப மெதுவாத்தான் விடுவோம். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அதையும் இப்படித்தான் விட்டோம்.”

தனேஸ்வரிக்கு அது நினைவில்லை. விமலாவுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அம்மா உயிரோடு இருந்தாள் என்று மட்டும் சொன்னாள்.

முதல் மணி ஒன்றுமில்லை. சுகுமாறன் தன் உடம்பை உற்றுக் கேட்டபடி கிடந்தான். உள்ளங்கால் எரிகிற மாதிரி இருந்தது. இரண்டு வாரம் முடிகிற நாளில் அது எப்போதும் எரியும். இன்று அதிகமா? போன முறை எவ்வளவு எரிந்தது என்று அளந்தா வைத்தான்? கழுத்தில் அரிப்பது போலிருந்தது. சொறிந்ததும் நின்றது.

“என்ன செய்யுது?” என்றாள் தனேஸ்வரி.

“நீ கேக்குற வரைக்கும் ஒண்ணும் செய்யல.”

மூன்றாவது மணியில் குளிர் எடுத்தது. பல் கிட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உடம்பு நடுங்கியது. தாதி மருந்தை நிறுத்தினாள். டாக்டர் ரிஸ்வானா வந்தார். இரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஊசி ஒன்று போடச் சொன்னார். அரை மணி கழித்து, இன்னும் மெதுவாக, மறுபடி விட்டார்கள். மிச்ச மருந்து எந்தத் தொல்லையும் இல்லாமல் இறங்கியது.

“மருந்தா டாக்டர்?”

“மருந்தா இருக்கலாம். லேசான எதிர்வினை. பழைய மருந்துலயும் முதல் வருஷம் உங்களுக்கு ரெண்டு தடவ வந்திருக்கு, ஃபைல்ல இருக்கு. அப்புறம் நின்னுருச்சு.”

“மருந்தா இல்லாமலும் இருக்கலாமா?”

“இந்த அறையும் குளிரு. நீங்களும் காலையிலேருந்து பயந்துக்கிட்டு இருக்கீங்க. எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுண்ணே. பயப்பட வேண்டியது இல்ல, அத மட்டும் உறுதியா சொல்றேன்.”

“இருசப்பனுக்கும் இப்படி வருமா?”

“வரலாம். வராமயும் போகலாம். வந்தா நாங்க பக்கத்துல இருக்கோம்.”

டாக்டர் போனதும் விமலா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் பாதத்தைத் துணியால் மூடினாள்.

“சுகு, அவர்கிட்ட என் பேரச் சொல்லி எதுவும் கேக்காத.”

“கேக்கல.”

“பொய்யும் சொல்லாத.”

“எது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சாத்தானக்கா சொல்லாம இருக்கலாம். ஒண்ணும் செய்யலன்னு சொன்னா அது பொய். செஞ்சதுன்னு சொன்னா அவரு பயந்துருவாரு, டாக்டர் பயப்பட வேணாங்குறாங்க, அப்ப அதுவும் ஒரு மாதிரிப் பொய்தான்.”

“நடந்தத நடந்தபடி சொல்லிருங்க” என்றாள் தனேஸ்வரி. “குளிருச்சு, ஊசி போட்டாங்க, சரியாப் போச்சுன்னு.”

“சொன்னா போடுவாரா?”

அவள் விமலாவின் பக்கம் பார்த்தாள். விமலா மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது நாலு மணி வெயில். கணேஸ்வரன் ஓட்டினான். சுகுமாறன் முன்னால், பெண்கள் இருவரும் பின்னால். கோலா சிலாங்கூருக்குப் போகும் சாலையில், கம்போங் குவாந்தான் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்து நின்றபோது தொலைபேசி அடித்தது. இருசப்பன். சுகுமாறன் கையில் ஊசி ஏற்றிய இடத்தில் கட்டு இருந்ததால் கணேஸ்வரனே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்தான்.

“தலைவரே, வீட்டுக்கு வந்துட்டீங்களா?”

“வந்துக்கிட்டு இருக்கோம்ணே.”

“ஏறுச்சா?”

“முழுசா ஏறிருச்சு.”

“உடம்பு?”

“மூணாவது மணியில கொஞ்சம் குளிரு எடுத்துச்சுண்ணே. ஊசி போட்டாங்க. அப்புறம் ஒண்ணும் இல்ல. பழைய மருந்துலயும் முன்னாடி வந்திருக்காம், டாக்டர் சொன்னாங்க.”

அந்தப் பக்கம் இருசப்பனின் மனைவி ஏதோ கேட்பதும் அவர் இரு என்று சொல்வதும் கேட்டது.

“குளிரு மருந்தாலயா?”

“தெரியலண்ணே. டாக்டருக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.”

“நாளைக்குத்தான் கடைசி நாளு.”

“ஆமாண்ணே.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லோரி ஒலிப்பான் அடித்தது. கணேஸ்வரன் காரை எடுக்கவில்லை. விமலா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். தனேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள்.

“டாக்டர் சொன்னது இருக்கட்டும் தலைவரே” என்றார் இருசப்பன். “அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டுத்தான் போடாம இருந்தேன், இன்னைக்கும் உங்க பேச்சத்தான் கேக்கப் போறேன். போடவா, வேணாமா?”